மைனர் செண்டு

கொச்சி
12 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

தமிழ்ப்ரியா எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முட்டி வலி தேவலையா? தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள். போனில் பேசினால் உங்கள் காதில் விழுவதில்லை. அப்பா வாங்கித் தந்த காது மிஷினை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டீர்களாம். அதனால்தான் கடிதம்.

ஒரு நல்ல சேதி. எங்கள் கம்பெனியில் முதல்முறையாக ஒரு செண்டை நானே உருவாக்கச் சொல்லியிருக்கிறார்கள். "அந்தக் காலத்து மினுக்கு, பட்டு, கார், நாடகக் கொட்டகை எல்லாம் ஒரே குப்பிக்குள்ள வரணும்" என்றார் முதலாளி சிவப்பிரகாஷ் சார். எனக்கு உடனே நம் அப்பாருவின் போட்டோதான் ஞாபகம் வந்தது. சில்க் ஜிப்பா போட்டு, கழுத்தில் கைக்குட்டை கட்டி, காரில் சாய்ந்து நிற்பாரே, அது. காட்டினேன். போட்டோவின் பின்னால் எழுதியிருந்த வருஷத்தையும் சேர்த்து சார் அங்கேயே பெயர் வைத்துவிட்டார்: 'மைனர் 1967'. ஊரில் அப்பாருவை மைனர் என்றுதானே கூப்பிட்டார்கள்?

இது தேறினால் என் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு எருத்தேம்பதிக்கு வர வேண்டியதுதான். அப்பாரு இறக்கும்போது அப்பாவுக்கு நாலு வயசு, தன் தகப்பனாரைப் பற்றி ஒன்றும் நினைவில்லை என்கிறார். நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்பாரு எப்படி மணப்பார்?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தமிழ்ப்ரியா

*

எருத்தேம்பதி
20 பிப்ரவரி 2024

தமிழ்ப்ரியாவுக்கு அப்பத்தா எழுதுவது. முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் அப்பனுக்குச் சளி. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

காது மிஷினை நான் தொலைக்கவில்லை. இந்த ஊர்ப் பேச்சில் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஒன்றும் இல்லை, அதனால் கழற்றி வைத்தேன்.

அந்த மனுஷன் எப்படி மணப்பார் என்று கேட்டாய். குளிக்காதவன் எப்படி மணப்பானோ அப்படி. கிணற்றுத் தண்ணீர் குளிர் என்பார், வாடைக்காற்று என்பார். துண்டை நனைத்துக் கழுத்தை மட்டும் துடைத்துக்கொண்டு அதன் மேல் செண்டை ஊற்றுவார். பாலக்காட்டிலிருந்து அத்தர்க்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாசம் தவறாமல் வருவான். அவர் கட்டுத்தரைப் பக்கம் போனால் கன்றுக்குட்டி தும்பை அறுத்துக்கொண்டு ஓடிப்போகும். "ஏனுங்க, அந்தப் பக்கம் போகாதீங்க, மாடு பாலை அடக்கிக்குது" என்று நான் கத்துவேன். "உனக்குச் சாணி நாத்தந்தாண்டி தோது" என்பார். தோதுதான். சாணி தன்னை மல்லிகை என்று சொல்லிக்கொள்ளாது.

அந்தக் கார் நம்முடையது இல்லை. கோயமுத்தூர் போகிற யாரோ ஒரு டாக்டருடையது. வேலந்தாவளத்தில் டயர் வெடித்து நின்றது. டாக்டர் இளநீர் குடிக்கப் போன நேரத்தில் இவர் போய்ச் சாய்ந்துகொண்டார். படம் பிடிக்கிறவனைக் கையோடு கூட்டிக்கொண்டே திரிந்த மனுஷன். ஜிப்பா மட்டும் சொந்தம். அதைத் துவைத்தது நான்.

இதைக் குப்பியில் அடைக்க முடிந்தால் அடை.

இப்படிக்கு,
கமலாத்தாள்

*

கொச்சி
5 மார்ச் 2024

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

கிடாரிக் கன்றுக்கு என் முத்தம். அப்பாவுக்குச் சளி விட்டதா? இங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறது, மற்றபடி குறையில்லை.

உங்கள் கடிதத்தைச் சார் ஆபீசில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார். எல்லாரும் சொக்கிப் போனார்கள் அப்பத்தா! விளம்பர வரிகள் கிட்டத்தட்ட தயார். 'கன்றும் கயிறறுத்து ஓடி வந்த மணம்' என்பது முதல் வரி. நான் 'ஓடிப்போன' என்றுதான் எழுதினேன். சார் 'ஓடி வந்த' என்று திருத்தினார். பெரிய வித்தியாசமில்லை என்றார். இரண்டாவது, 'அவர் காரைத் தேடிப் போகவில்லை, கார்கள் அவர் முன் நின்றன.'

இன்னொன்றும் சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆறுமுகசாமி என்ற பெயரை நீங்கள் கடிதத்தில்கூட எழுதவில்லை, கவனித்தீர்களா? போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் கணவர் பெயரை உச்சரிக்காத மனைவி! அதையும் சேர்க்கிறோம்.

இப்போது வாசம்தான் வேண்டும். எந்த அத்தர், எந்தப் பூ என்று நினைவிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
தமிழ்ப்ரியா

*

எருத்தேம்பதி
14 மார்ச் 2024

தமிழ்ப்ரியாவுக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இரு.

கன்று ஓடி வருவதற்கும் ஓடிப்போவதற்கும் வித்தியாசம் தெரியாதவன் உனக்கு முதலாளி. அவன் பாலை பாக்கெட்டில் மட்டும் பார்த்தவனாக இருப்பான். அவன் பேச்சைக் கேட்டு நீயும் தலையாட்டுகிறாய். உன்னைப் படிக்க வைத்தது இதற்கா?

பெயரைச் சொல்லாதது மரியாதை என்று உனக்கு யார் சொன்னது? வாயில் வைக்க இஷ்டமில்லை. கசப்பு மருந்தைக்கூட உடம்புக்கு நல்லது என்று வாயில் வைக்கலாம். இந்தப் பெயரால் எனக்கு என்ன நல்லது?

வெல்ல யாவாரம் என்று மறையூருக்குப் போவார். போகும்போது குப்பி நிறைய செண்டு, வரும்போது காலிக் குப்பி. வெல்லம் மட்டும் ஒரு உருண்டைகூட இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததில்லை. பொங்கலுக்கு நான் கடையில் வாங்கினேன். அங்கே எவள் வீட்டில் தங்கினார் என்று இந்த ஊரில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். அந்த யோக்கியதைக்கு நீ சில்க் ஜிப்பா மாட்டி ஊர்வலம் விடுகிறாய்.

உன் பிழைப்புக்கு வேறு எந்த மைனரையாவது பிடித்துக்கொள். பழைய படங்களில் சாய்ந்து நிற்கிறவனுக்கா பஞ்சம்? அது முடியாது என்றால், மறையூர்ப் பக்கம் மட்டும் போகாதே. நான் உன்னிடம் கேட்பது இது ஒன்றைத்தான்.

கமலாத்தாள்

*

கொச்சி
20 ஜூன் 2024

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முட்டிக்கு வைத்தியரிடம் போனீர்களா? இங்கே மழை பிடித்துவிட்டது. நான் சுகமாக இருக்கிறேன். வேலை மட்டும் அதிகம்.

இத்துடன் ஒரு சிறு குப்பி வைத்திருக்கிறேன். எங்கள் லேபில் செய்தது. ஒரு பழைய செண்டுக் குப்பி கிடைத்தது. அடியில் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி செய்தோம். ரோஜா, சந்தனம், மகிழம்பூ. அதற்கும் அடியில் ஏதோ ஒன்று லேசாகப் புளித்த மாதிரி வருகிறது. லேபில் அதற்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. "இதுதாம்மா இதோட உயிர்" என்றார் சார்.

முகர்ந்து பார்த்து எழுதுங்கள். இதுதானா அப்பாரு?

அன்புடன்,
தமிழ்ப்ரியா

*

எருத்தேம்பதி
28 ஜூன் 2024

தமிழ்ப்ரியாவுக்கு,

முட்டி அப்படியே. மழை இங்கே வழக்கம்போல ஏமாற்றிவிட்டது.

குப்பி வந்தது. மூடியைத் திறந்தேன், மூடினேன். தோட்டத்து வேலிக்காலில் ஒரு கல்லுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் வைக்கவில்லை.

அதுதான்.

எந்த ஊரில் கிடைத்த குப்பி என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டாம். காதுக்குத்தான் மிஷின் வேண்டும். மூக்கு நன்றாக இருக்கிறது.

கமலாத்தாள்

*

கொச்சி
6 ஜூலை 2024

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதீர்கள், அப்பா சொன்னார்.

மறையூருக்குப் போனேன். மறைத்ததற்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அப்பாரு தங்கிய வீட்டு ஜானகியம்மாள் இன்னும் இருக்கிறார். மகளோடு, கரும்புக்காட்டை ஒட்டிய வீட்டில். நான் யார் என்று சொன்னதும் ரொம்ப நேரம் முகத்தையே பார்த்தார். அப்பாருவின் செண்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். கொல்லைப்புறம் போய் ஒரு சாக்குக்குள்ளிருந்து அந்தக் குப்பியை எடுத்து வந்து, "கொண்டுபோயிரும்மா, திருப்பிக் கொண்டு வந்துராத" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். எத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்ததை எவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டார்! என்ன மனசு!

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 'மைனர் 1967' வெளியீட்டை நம் வீட்டு வாசலில்தான் நடத்த வேண்டும் என்கிறார் சார். அந்தக் காலத்து ஆட்கள் நாலு பேர் இருக்க வேண்டுமாம், வீடியோ எடுக்க. நீங்கள் மாட்டேன் என்றால் இந்தச் செண்டை நிறுத்திவிடுவார்கள். என் வேலையும் அதோடு நின்றுவிடும்.

கட்டாயப்படுத்தவில்லை. யோசித்து எழுதுங்கள்.

தமிழ்ப்ரியா

*

எருத்தேம்பதி
25 ஆகஸ்ட் 2024

தமிழ்ப்ரியாவுக்கு அப்பத்தா எழுதுவது. நாங்கள் சுகம். நீ இளைத்துவிட்டதாக உன் அப்பன் சொன்னான். வரும்போது நல்லெண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.

யோசித்தேன். நடத்து. செப்டம்பர் எட்டு, ஞாயிற்றுக்கிழமை. வாசலில் பந்தல் போடச் சொல்லிவிட்டேன்.

ஆனால் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நான்தான் சொல்வேன். மேக்கால வீட்டுப் பூமாரி, அவள் நாத்தனார், கோயில் வீதி மாரீஸ்வரி, அவளோடு சேர்ந்து திரிகிற இரண்டு பேர். அத்தனை பேரும் எழுபத்தைந்து தாண்டியவர்கள். சின்ன வயசுக்காரர்கள் வேண்டாம், அவர்களுக்கு அந்தக் காலத்து மினுக்கு எங்கே தெரியும்? பூமாரிக்கு நடக்க முடியாது. ஆட்டோ வைத்துக் கூட்டி வா. வர மாட்டேன் என்றால் நான் கூப்பிட்டேன் என்று சொல். வருவாள்.

செண்டை நீயே உன் கையால் எல்லாருக்கும் பூசு. தாராளமாகப் பூசு. நான் பேச மாட்டேன். நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன்.

தொட்டி நிறையத் தண்ணீர் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆள் வந்தால் தண்ணீர் செலவாகும்.

கமலாத்தாள்

*

கொச்சி
12 செப்டம்பர் 2024

அப்பத்தாவுக்கு,

நலம் விசாரிக்க மனசு வரவில்லை.

எனக்கு விளக்கம் வேண்டும். பந்தலில் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பூமாரிப் பாட்டி என் கன்னத்தைக் கிள்ளி, "மைனரு மூக்கு அப்படியே வந்துருக்குது அம்மிணி" என்றார். நான் குப்பியைத் திறந்து அவர் மணிக்கட்டில் பூசினேன். கையை மூக்கருகே கொண்டுபோனார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நடக்க முடியாத மனுஷி, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து தொட்டிக்குப் போனார். கட்டிய சேலையோடு சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். பின்னாலேயே அவர் நாத்தனார். அப்புறம் மற்றவர்கள். ஈரச் சேலையோடு, திரும்பிப் பார்க்காமல், சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

மாரீஸ்வரிப் பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து என் கையைப் பிடித்துக் கேட்டார்: "எப்பங்க அம்மிணி எடுக்கறாங்க?"

எதைப் பாட்டி என்று கேட்டேன். மறுபடியும் அதையே கேட்டார்.

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தீர்கள். நான் பார்த்தேன். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் பிழைப்பு கெடுவதில் உங்களுக்கு அவ்வளவு சந்தோஷமா?

தமிழ்ப்ரியா

*

எருத்தேம்பதி
20 செப்டம்பர் 2024

தமிழ்ப்ரியாவுக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் சுகம். இந்த வருஷத்தில் இவ்வளவு சுகமாக இருந்ததில்லை.

உன் அப்பாரு செத்தது இந்த வீட்டில் இல்லை. மறையூரில், அந்த ஜானகி வீட்டில். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தாராம். ஐப்பசி மழை. தந்தி வந்தது, ஆள் வரவில்லை. சின்னாற்றில் வெள்ளம் ஏறிப் பாதை அடைத்துக்கொண்டது. கூடத் திரிந்த கூட்டாளிகள் வாடகைக் காரில் பிணத்தை வைத்துக்கொண்டு காட்டுக்குள் காத்துக் கிடந்தார்கள். நாற்றம் பொறுக்காமல், அவர் அங்கே வைத்திருந்த செண்டையெல்லாம் அவர் மேலேயே கொட்டினார்கள். பிணத்தோடு காருக்குள் திறந்து கிடந்த ஒரு குப்பியை, திரும்பிப் போன கார்க்காரன் அவள் வீட்டில் போட்டானாம், அதுதான் உன் கைக்கு வந்தது. அவள் பெரிய மனசோடு கொடுக்கவில்லை. தொலைத்துத் தலைமுழுகினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் இறக்கினார்கள். செண்டும் அதுவும் கலந்த வாசம் ஊர் எல்லை வரை போனது. உன் அப்பனை நான் முன்னாலேயே என் அம்மாவிடம், அவன் அம்மாயி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டாம்.

பொண்டாட்டி தலைமாட்டில் உட்கார வேண்டும். மூக்கைப் பொத்தினால் புருஷனை அருவருத்தாள் என்று பேச்சு வரும். உட்கார்ந்தேன், பொத்தவில்லை. வந்தவளுகள் எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றார்கள். பூமாரி வாசல்படி மிதிக்கவில்லை. "எப்பங்க எடுக்கறாங்க, எப்பங்க எடுக்கறாங்க" என்று அந்த மாரீஸ்வரி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழ வந்தவள் மாதிரி இல்லை, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அதற்குப் பிறகு நான் கிணற்றடிக்குப் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். "அந்த வாசம் கமலாத்தா மேலயே நிக்குது" என்று சொன்னவள் பூமாரி. ஒரு துளி செண்டு என் மேல் பட்டதில்லை. பூசியவர் அவர், செத்தவர் அவர், நாறியது நான்.

நீ குப்பி அனுப்பிய அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதையும் உன் முதலாளி ஒரு வரி பாட்டாக்கி இருப்பான். அதனால் சொல்லவில்லை. யார் மூக்கைப் பொத்தினார்களோ அவர்கள் மூக்குக்கே காட்டினேன்.

உன் பிழைப்பைக் கெடுப்பது என் எண்ணம் இல்லை. கெட்டிருந்தால், போகாதே என்று சொன்ன இடத்துக்கு நீயாகப் போனாய் என்பதையும் நினைத்துக்கொள்.

கமலாத்தாள்

*

கொச்சி
5 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நலமாக இருங்கள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் தலைக்குக் குளித்தேன். மறுபடியும் குளித்தேன். ஐந்து மாசமாக என் துணி, என் தலையணை எல்லாவற்றிலும் அந்த வாசம்தான். பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் உங்களைக் கட்டிப்பிடித்தேனே. நீங்கள் விலகவே இல்லை. எப்படி முடிந்தது?

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிணம், கார், மூன்றாம் நாள், எல்லாம். கடைசி வரை கேட்டார். அப்புறம் வீடியோவைப் போட்டுக் காட்டினார். பூமாரிப் பாட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போவதை மெதுவாக ஓடவிட்டு, வீணை இசை சேர்த்திருக்கிறார்கள். கீழே ஒரு வரி: 'ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மணம் அவர்களை அழ வைத்தது.' பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்களாம், எப்போது கிடைக்கும் என்று. "நடந்தது நமக்குள்ள இருக்கட்டும்மா" என்றார். தீபாவளிக்கு விற்பனை. என் வேலையையும் நிரந்தரமாக்கிவிட்டார்.

ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. இதைத் தடுக்க வேண்டும் என்றால் வீட்டுக்காரர்கள் ஆட்சேபம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும். என்ன செய்யட்டும்? இந்தத் தடவை நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன்.

உங்கள்,
தமிழ்ப்ரியா

*

எருத்தேம்பதி
12 அக்டோபர் 2024

தமிழ்ப்ரியா கண்ணுக்கு அப்பத்தா எழுதுவது. சோறு இறங்காவிட்டால் ரசம் வைத்துக் குடி. தலையணை உறையைச் சீயக்காயில் ஊற வை, சோப்புக்குப் போகாது. நீ வந்தபோது நான் விலகவில்லை என்று எழுதினாய். என்னைக் கண்டு விலகியவர்களை எனக்குத் தெரியும். உன்னிடம் அதை நான் செய்வேனா?

ராஜினாமாவைக் கிழித்துப் போடு. ஆட்சேபம் எதுவும் எழுதித் தர மாட்டேன். வேலையில் இரு. சம்பளத்தை வாங்கு. அவன் விற்கட்டும்.

முதலில் எனக்கு ஆத்திரம்தான். அந்த ஆளை ஜிகினா ஒட்டி ஊருக்குக் காட்டுகிறாளே என்று. இப்போது இல்லை. உன் முதலாளி மாதிரி மூக்கு இருக்கிறவர்கள் இத்தனை பேர் உலகத்தில் இருக்கும்போது நான் எதற்குத் தடுக்க வேண்டும்? கொச்சியில் பூசட்டும், சென்னையில் பூசட்டும், துபாய்க்கு அனுப்புவான் என்றால் அங்கேயும் பூசட்டும். பொண்ணு பார்க்கப் போகிறவன் பூசிக்கொண்டு போகட்டும். கல்யாணப் பந்தலில் முன்வரிசையில் உட்காருகிறவன் பூசிக்கொண்டு உட்காரட்டும். பெரிய மைனர் என்று நினைத்துக்கொண்டு மூன்றாம் நாள் பிணத்தைத் தோளில் தூக்கித் திரியட்டும். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று நீயும் நானும் சொல்லப் போவதில்லை.

நீ மட்டும் பூசாதே.

அன்றைக்கு இந்த வாசத்துக்குப் பக்கத்தில் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் எல்லாரும் உட்காரட்டும்.

இப்படிக்கு,
அப்பத்தா கமலாத்தாள்